வாசல் கன்று

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாடுகளும் சுகம். உன் மச்சான்தான் முட்டி அறுவைக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, படுத்த இடத்திலிருந்தே தொழுவத்தை ஆட்சி செய்கிறார். உன் குதிகால் வலி தேவலையா?

ஏன் போன் செய்யாமல் எழுதுகிறாய் என்று கேட்காதே. போனில் நீ 'ம்', 'சரி', 'பார்க்கலாம்' என்ற மூன்று வார்த்தைக்கு மேல் செலவழிப்பதில்லை. காகிதத்தில் அப்படி நழுவ முடியாது.

மச்சான் படுத்துவிட்டதால் வாசல் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் கறப்பேன், கன்று இழுப்பேன், மடி கழுவுவேன். வாசல் பக்கம் மட்டும் போனதில்லை. பெண் கன்று பிறந்தால் காதில் வில்லை மாட்டி உள்ளே கட்டுவோம். ஆண் பிறந்தால் வில்லை கிடையாது, பெயர் கிடையாது. சீம்பால் ஒரு வாய் காட்டிவிட்டு வாசலை ஒட்டிய பட்டியில் கட்டிவிடுவார் மச்சான். விடியும் முன் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும். நாங்கள் அதை 'வாசல் கன்று' என்போம். நான் எழுந்து வரும்போது பட்டி காலியாக இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன வாரம் நானே ஒன்றைக் கட்டப் போனேன். முடிச்சுப் போடுகிற என் விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது. இழுத்தால் விட மாட்டேன் என்கிறது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத வாய்க்கு அத்தனை பலம். லாரிக்காரன் வந்து ஒரு கையால் தூக்கி உள்ளே போட்டான். மனிதன் வீட்டில் பெண் பிறந்தால் முகம் சுளிக்கிறான், தொழுவத்தில் ஆண் பிறந்தால் முகம் சுளிக்கிறான். இவனுக்கு எப்போதுதான் சரியாகப் பிறந்து தொலைப்பது?

லாரி உன் ஊருக்குத்தான் வருகிறதாம். நீதான் அங்கே குளிர்க் கிடங்கில் கணக்கு எழுதுகிறாயே, நாலு பேரிடம் விசாரித்து எழுது. அவை எங்கே போகின்றன, எத்தனை நாள் இருக்கின்றன? எனக்குத் தெரிய வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. குதிகாலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குதிகால் பரவாயில்லை. மச்சான் முட்டியை மடக்கிப் பழகச் சொல். வலிக்கிறது என்று நீட்டியே வைத்திருந்தால் அது அப்படியே மரக்கட்டையாகிவிடும்.

என் அறைக்குக் கீழே துணி வெளுக்கும் கடை வந்திருக்கிறது. நாள் முழுக்க ஆவி மேலே வருகிறது. குளிருக்கு நல்லதுதான், ஆனால் சுவரெல்லாம் வேர்க்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "காசு வாங்காம வெந்நீர்க் குளியல் குடுக்கறேன், அதுக்கும் குறையா?" என்கிறார். மனிதர் பேச்சில் கெட்டிக்காரர்.

நீ கேட்ட விஷயம். இது பெரிய ஊர் அக்கா, யாரிடம் போய் என்னவென்று விசாரிப்பது? உலகம் பூராவும் பால் குடிக்கிறது. பால் வேண்டுமென்றால் மாடு ஈன வேண்டும், ஈன்றால் பாதி ஆணாகத்தான் இருக்கும். இதற்கு நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன்? அதிலும் நான் போய் வருத்தப்பட்டால் ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கும். விட்டுவிடு. மச்சான் எழுந்ததும் வாசல் வேலையை அவரிடமே கொடுத்துவிடு.

இந்த வருடமும் லீவு கிடைக்கும் என்று தோன்றவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

சுவர் வேர்ப்பதைப் பற்றி ஒரு பத்தி, நான் கேட்டதற்கு ஒரு பழமொழி. நல்ல பங்கீடு. உன் வீட்டுக்காரர் உன்னிடம்தான் பேச்சுக் கற்றுக்கொண்டிருப்பார். நாங்கள் சுகம். மச்சான் முட்டியை மடக்குகிறார். மடக்கும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறார்.

நான் விடவில்லை. நம் உதைகாரியை உனக்கு ஞாபகம் இருக்கும், கறவை மெஷினை மாட்டினாலே உதைத்துத் தள்ளுகிறவள். அவள் பால் எப்படியும் தொட்டிக்கு ஒழுங்காக வருவதில்லை. இந்த வாரம் பிறந்த இரண்டு ஆணையும் அவளிடம் விட்டிருக்கிறேன். அவள் பாலையே அவற்றின் முதுகில் பூசி, மேலே உப்பைத் தூவினேன். முதலில் முறைத்தாள், பிறகு உப்புக்காக நக்கினாள். நக்க நக்க அவளுக்கே சொந்தமாகிவிட்டன. மெஷினை உதைக்கிற கால் கன்றை உதைக்கவில்லை.

உன் மச்சான் ஊன்றுகோலோடு வந்து பார்த்துவிட்டு ஒரு கூத்து நடத்தினார்.

"இதுங்க பெருசாகி என்ன செய்யப் போகுது? பால் குடுக்குமா?"

"நீங்ககூடத்தான் குடுக்கல. உங்களை வீட்டுக்குள்ளதானே வச்சிருக்கேன்?"

"பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. புல்லு யாரு போடறது?"

"ரெண்டு மாசமா யாரு போடறாங்களோ அவங்கதான்."

 மற்ற ஆண் கன்றுகள் இன்னும் வாசலுக்குத்தான் போகின்றன. இந்த இரண்டு மட்டும்தான் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு.

என் கேள்வி அப்படியே இருக்கிறது. பூசி மெழுகாமல் பதில் எழுது. குளிரில் வெறுங்காலோடு நிற்காதே.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. வியாழக்கிழமை போனில் நீ பேசியதே எனக்கு ஒரு வருடத்துக்குக் காணும். கன்று பத்திரமாக வந்து சேர்ந்தது. தாயிடம் குடிக்கிறது. நீ உடம்பு தேறியிருக்கிறாயா? குரல் ஒரு மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகத்தான் சொன்னேன். நடந்தது இதுதான். உள்ளே கன்றுப் பட்டிகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தோம், ஈரம் காயவில்லை. அன்று சாயங்காலம் நம் மந்தையிலேயே நல்ல கறவை ஒரு பெண் போட்டது. எங்கே கட்டுவது? இருந்த ஒரே காய்ந்த இடம் வாசல் பட்டிதான். ஒரு ராத்திரிதானே என்று அங்கே கட்டினேன். மறுநாள் லாரி வரும் நாள் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. வில்லை மாட்டுவதும் மறுநாள்தான். லாரிக்காரன் ஏன் குனிந்து பார்க்கப் போகிறான்? எங்கள் வாசலில் கட்டியிருந்தால் அது ஆண். தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை! தரையில் காலை ஊன்ற மாட்டேன் என்று மூன்று மாதமாக அழுத உன் மச்சான் டிராக்டருக்கு ஓடினார். லாரிக்காரனுக்கு இருபது தடவை போன். பால் டேங்கர் டிரைவரைப் பாதி வழியில் நிறுத்தி, லாரியை மறிக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சல். "உன் கருணையால வந்த வினை" என்று எனக்கு அர்ச்சனை. தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று நினைத்துக்கொண்டேன். அதே பட்டியிலிருந்து எத்தனை போயிருக்கும்! ஒன்றுக்காவது யாராவது ஓடியிருக்கிறோமா? ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.

நான் எப்படி நேரே அந்த இறைச்சித் தொழிற்சாலை வாசலுக்குப் போன் செய்து உன்னைக் கேட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நீ குளிர்க் கிடங்கில் கணக்கு எழுதவில்லை என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். டேங்கர் டிரைவர் உன்னை அந்த கேட்டுக்கு வெளியே வெள்ளை பூட்ஸோடு டீ குடிக்கும்போது பார்த்திருக்கிறார். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அதற்கு மேல் காத்திருக்க நேரம் இருக்கவில்லை. அது ஒரு வேலை. மாதாமாதம் நம் அம்மாவின் கடைசி வைத்தியத்துக்கு நீ அனுப்பியது அந்தக் கையால் சம்பாதித்ததுதான் என்றும் எனக்குத் தெரியும். நான் உன்னைக் குறைவாக நினைத்தேன் என்று நீ நினைத்திருந்தால் உன் காதைத் திருக வேண்டும்.

அந்தக் கும்பலில் அவளை எப்படிக் கண்டுபிடித்தாய்? எழுது. சூடாக ஏதாவது குடித்துவிட்டு உட்கார்ந்து எழுது.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும். நேற்றும் முன்தினமும் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்று எப்படி வருகிறதோ அப்படியே அனுப்புகிறேன்.

நான் நிற்பது உள்ளே, வெட்டும் மேசையில். அங்கே வரும்போது எல்லாம் முடிந்து, தோல் உரித்துத் தொங்கிக்கொண்டுதான் வரும். உயிரோடு வருகிறவற்றை அடைக்கிற கொட்டடி கட்டிடத்தின் மறு கோடியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை. போக வேண்டிய வேலை இல்லை என்று சொல்லலாம். போகவில்லை என்பதுதான் சரி.

நீ போன் செய்ததும் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "சீக்கிரம் பாரு, அடுத்தது அந்தக் கும்பல்தான்" என்றார். ஓடினேன். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. 'நல்ல கறவையின் கன்று' என்று நீ சொன்ன அடையாளம் அங்கே எதற்கு உதவும்? ஒவ்வொன்றாக வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தொட வேண்டியிருந்தது, அக்கா. சிலவற்றுக்குத் தொப்புள்கொடி இன்னும் ஈரம். சில எழுந்து நிற்கவில்லை, நான்தான் தூக்கி நிறுத்தினேன். நின்றவை என்னைச் சூழ்ந்துகொண்டன. என் ஏப்ரனை வாயில் வைத்துச் சப்பின, விரலைச் சப்பின. என் கையில் என்ன வாடை அடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாடை அவற்றுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் சப்பின. அவ்வளவு பசி.

பெண் ஒன்றுதான் இருந்தது. கடைசி மூலையில் படுத்திருந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஒரு பயல் என் பின்னாலேயே வந்தான். கதவு வரைக்கும் வந்துவிட்டான். அவனை முழங்காலால் உள்ளே தள்ளித்தான் கதவைச் சாத்த முடிந்தது.

கன்றை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு என் மேசைக்குப் போய் நின்றேன். மாலை வரை வேலை செய்தேன். என்னைத் தாண்டிப் போனதில் அந்தப் பயல் எது என்று எனக்குத் தெரியாது.

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எத்தனை நாள் இருக்கின்றன என்று கேட்டாயே, வந்த அன்றே. மேற்கொண்டு இதைப் பற்றி எழுதாதே. மச்சானுக்கு நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரியுமா என்று மட்டும் சொல்.

தம்பி


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு மச்சானிடம் கொடுத்தேன். இப்போது அவருக்குத் தெரியும். படித்து முடித்ததும் மடித்துக் கொடுத்துவிட்டு, "அவனுக்குக் குதிகால் வலி ஏன்னு இப்பத்தான் புரியுது. நாள் பூரா ஈரத் தரையில நிக்கறான்" என்றார்.  நீ பயந்தது இவ்வளவுதான்.

எழுதாதே என்றாய். நான் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? கேள். வாசல் பட்டியைப் பிரித்துவிட்டேன். பலகைகளைக் கழற்றி உள்ளே உதைகாரிக்குப் பெரிய அடைப்பாகப் போட்டாயிற்று. இனி எங்கள் வாசலில் எதுவும் கட்டுவதில்லை. மச்சான் குதித்தார். மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பின் ஒரு உடன்பாடு: இந்த வருடம் பிறந்து மிச்சமிருக்கிற ஆண் கன்றுகளை வைத்துக்கொள்வோம், மேல்காட்டுப் புல் தாங்குகிற வரை. சும்மா கொட்டுகிற பாலை, அதாவது உதைக்கிறவள், மடி கெட்டுத் தேறியவள், கிழவி, இவர்கள் பாலை அவை குடிக்கும். விற்பனைக்குப் போகிற தொட்டிப் பாலைத் தொடக்கூடாது. இனி இளம் மாடுகளுக்குப் பெண் மட்டும் பிறக்கிற ஊசி. சினை ஊசி போடுகிறவர் சொல்கிறார், அதிலும் சில ஆண் தப்பிப் பிறக்குமாம். பிறக்கட்டும், ஆனால் குறையும். குறைந்ததை வளர்க்க முடியும்.

பெயர் வைக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். உன் மச்சான்தான் கெடுத்தார். உதைகாரியிடம் விட்ட முதல் கன்று எதற்கெடுத்தாலும் கத்துகிறதாம், எல்லாவற்றையும் ஆட்சேபிக்கிறதாம். 'வக்கீல்' என்று கூப்பிடுகிறார். வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவர் பெயர் வைக்கிறார், வேண்டும் என்ற நான் முழிக்கிறேன்.

அந்தக் கதவருகில் நின்ற பயலை நீ நினைத்துக்கொண்டே இருப்பாய். இரு. நானும் நினைக்கிறேன். காலுக்கு உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் வாங்கிக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பூட்ஸ் வாங்கிவிட்டேன், நீ சொன்னது நல்ல யோசனை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யாராவது ஒருவர் உன்னிடம் இதைக் கேட்க வேண்டும், மச்சான் கேட்டால் சண்டையாகும், ஆகவே நான் கேட்கிறேன். வளர்த்து? அவை காளைகள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தால் உன் தொழுவக் கதவையே பெயர்த்துவிடும். காயடித்தாலும் தீனி வேண்டும். இந்த வருடம் சில, அடுத்த வருடம் சில. கிழடாகிச் சாகிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் புல் போட உன்னால் முடியாது, எந்தப் பண்ணையாலும் முடியாது. கடைசியில் லாரி வரத்தான் போகிறது. நீ காப்பாற்றவில்லை, தள்ளிப்போடுகிறாய்.

கோபித்துக்கொள்ளாதே. பதில் இல்லாவிட்டால் இப்போதே நிறுத்திவிடு. பெயர் தெரிந்த ஒன்றை ஏற்றி அனுப்புவது பெயர் தெரியாததை ஏற்றுவது மாதிரி இருக்காது.

மச்சானுக்கு என் அன்பு. நன்றாக நடக்கிறாரா?

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மச்சான் இப்போது ஊன்றுகோலை மாடு விரட்ட மட்டும்தான் வைத்திருக்கிறார். குளிர்காலத்தை எப்படிக் கழித்தாய்?

நீ ஆகஸ்டில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். இடையில் எழுதிய இரண்டு கடிதத்திலும் மழையையும் தீவன விலையையும் பற்றி எழுதி உன்னைப் போல நழுவினேன். பதில் தெரியவில்லை, அதுதான் காரணம். கோபம் இல்லை.

நீ சொன்னது சரி. நான் தள்ளித்தான் போட்டேன். ஆனால் வக்கீலைப் போய்ப் பார்த்தால் அப்படித் தள்ளிப்போட்டது ஒன்றும் சின்னதாகத் தெரியவில்லை. ஒரு வருடம் வெயிலில் நின்றிருக்கிறான். மழையில் நனைந்திருக்கிறான். உதைகாரியை முட்டி முட்டிக் குடித்திருக்கிறான். வேலியில் முதுகைச் சொறிந்து வேலியையே சாய்த்திருக்கிறான். இப்போது அவன் முதுகு என் தோள் உயரம். மேல்காடு தாங்கவில்லை, அதுவும் உண்மை. பெரியவை போனால்தான் பின்னால் பிறந்தவற்றுக்குப் புல். நாம் பால் விற்று வாழ்கிறவர்கள், எல்லாவற்றையும் கிழடாக்கிப் பார்க்க முடியாது.

லாரியில் ஏற்ற மாட்டேன். கேட்டுவிட்டேன்: கால்நடை டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இங்கேயே செய்யலாம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு வீட்டார் இறைச்சியை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒன்றும் வீணாகாது. செய்யத் தெரிந்த கை வேண்டும், பதறாத கை. எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன் இருக்கிறான்.

நீ வா. வந்து செய்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

நலம். நீயும் நலமாக இரு.

நீ கேட்டிருக்கக் கூடாது. அங்கே என்னால் செய்ய முடிகிறது என்றால், மேசைக்கு வருகிற எதுவும் எனக்குத் தெரிந்த கன்று இல்லை என்பதால்தான். உன் வீட்டுக்கு ஐந்து வருடமாக நான் ஏன் வரவில்லை? அந்த ஒரு இடத்திலாவது நான் வெறும் தம்பியாக இருக்க வேண்டும் என்றுதான். அங்கேயும் கத்தியோடு வந்து நிற்கச் சொல்கிறாய். வேறு யாரையாவது பார். விலாசம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

சுகம். விலாசம் வேண்டாம்.

வேறு ஒருவன் வருவான், வேலையை முடிப்பான், போவான். அவனுக்கு அது வாசல் கன்றுதான். அதற்கா ஒரு வருடம் வளர்த்தேன்? வக்கீல் யார் என்று தெரிந்தவன் கையால் அவன் போக வேண்டும். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். கஷ்டப்படாதவன் கை எனக்கு வேண்டாம்.

நீ வெறும் தம்பியாக வரத் தேவையில்லை. முழுசாக வா.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுதும் வரை நான் எழுத மாட்டேன்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ். சனிக்கிழமை காலை செய்துவிடலாம். இந்த ஒரு மாதம் கொட்டடிப் பக்கம் போய் நின்று, நான் இதுவரை செய்யாத அந்த முதல் வேலையையும் பழகிவிட்டேன். இப்போது நான் சொல்வதை மட்டும் கேள், குறுக்கே பேசாதே.

முந்தின நாள் அவனுக்குத் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். தனியாக அடைக்காதே, மிரளுவான். கூட வளர்ந்தவன் ஒருவன் பக்கத்திலேயே நிற்கட்டும். நாயைக் கட்டிப்போடு. வேடிக்கை பார்க்க யாரும் வரக்கூடாது. எப்போதும் எங்கே தீனி வைப்பாயோ அங்கேயே, அதே பாத்திரத்தில் ஒரு கை தவிடு வை. தலையைக் குனிவான். அந்த நேரம் போதும் எனக்கு. அவனுக்கு ஒன்றும் தெரியாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தலைக்கயிற்றை மச்சான் பிடிக்கட்டும். நான் 'விடு' என்றதும் விட்டுவிட வேண்டும், விழுகிற கனம் கையை இழுத்துவிடும். நீ வீட்டுக்குள் இரு. இது வேண்டுகோள் இல்லை.

எனக்காகப் பிரத்தியேகமாக ஒன்றும் சமைக்காதே. மச்சானுக்கு அன்பு.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். உன் அக்காவால் பேனா பிடிக்க முடியவில்லை. வலது உள்ளங்கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, மணிக்கட்டு வீக்கம் வடிந்துகொண்டிருக்கிறது. அதனால் அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கிறாள். பஸ்ஸில் கால் நீட்ட இடம் கிடைத்ததா என்று கேட்கிறாள். உன் கை அன்று நடுங்கவில்லை, அதை அவனிடம் எழுதுங்கள் என்கிறாள். வக்கீல் தவிட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, அதையும் எழுதுங்கள் என்கிறாள். நாலு வீட்டாரும் வந்து வாங்கிப் போனார்கள். தோலை உப்புப் போட்டு வைத்திருக்கிறோம்.

உதைகாரியைப் பார்க்கத் தொழுவத்துக்குப் போயிருக்கிறாள். இனி நானாக எழுதுவது.

நீ விடு என்று கத்தினாய், அவள் கயிற்றை விடவில்லை. ஏன் விடவில்லை என்று டாக்டர் கட்டுப் போடும்போது கேட்டேன். "பொறக்கும்போது காலைப் பிடிச்சு இழுத்தவ நான். போகும்போது தனியா விடச் சொல்றீங்களா?" என்றாள்.  அந்தக் கயிற்றை நான்தான் பிடித்திருக்க வேண்டும். முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வைக்கோல் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முட்டி வலிக்கவில்லை, மாப்பிள்ளை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நூற்றுக்கணக்கில் வாசலில் கட்டி அனுப்பியிருக்கிறேன், ஒன்று போவதைக்கூட நான் பார்த்ததில்லை. கதவு இடுக்கு வழியாகத்தான் அன்றைக்குப் பார்த்தேன்.

இப்போதும் சொல்கிறேன், இது கட்டுப்படியாகிற காரியமே இல்லை. உன் அக்காவிடம் நான் ஒத்துக்கொண்டேன் என்று நீ எழுதிவிடாதே. நேற்றுச் சாயங்காலம் நம் இளம் பசு சிவப்பி கன்று போட்டாள். ஊசி போட்டும் ஆண்தான். உன் அக்கா கட்டுப் போட்ட கையோடு தூரத்தில் நின்று என்னையே பார்த்தாள்.  நான் துடைத்துத் தாயிடம் விட்டேன். குடித்தது.

வக்கீலுக்கு அடுத்தவன் முறை மழைக்கு முன்னால். இரண்டு நாள் அதிகமாக லீவு போட்டுக்கொண்டு வா. வந்த வேகத்தில் ஓடாதே, இங்கே தங்கு. அந்தத் தடவை கயிறு என் கையில் இருக்கும். நீ சொன்னாலும் நானும் விடப் போவதில்லை.

மச்சான்